சாட்சிக்காரன் பெண்டாட்டி

செய்தி வந்தபோது திலகா முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். சாலவாக்கத்துக்குக் கிழக்கே ஏரியை ஒட்டின நிலத்தில் நவரைப் பட்டத்து நடவு. தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. பனி இன்னும் வரப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு பெண்கள் குனிந்த முதுகோடு பின்னால் நகர்ந்துகொண்டே நட்டார்கள். வரப்பில் கூழ்த் தூக்கோடு வைத்திருந்த போன் ரெண்டு தரம் அடித்து ஓய்ந்து மூணாவது தரமும் அடித்தது.

"யாரோ விடாம அடிக்கிறாங்க, போய் எடு" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த வளர்மதி.

திலகா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். புருஷன் பேசுகிற நேரம் இல்லை அது.

"யக்கா, ஐசக்கு பேசறேன், மெரோவாலேர்ந்து. பதறாத. பெஞ்சமின் அண்ணன போலீசு கூட்டிகினு போய்ட்டாங்க. பேப்பர் ஆபீசுக்கே சீல் வச்சுட்டாங்க."

"இன்னா பண்ணாரு அவுரு?"

"அவுரு இன்னா பண்ணுவாரு? அச்சடிச்சாரு."

ஐசக் திருமுக்கூடல்காரன். அந்தத் தீவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. ஊரில் இருந்தவரை பெஞ்சமினுக்கும் அவனுக்கும் பழக்கமில்லை. அங்கே போய்த்தான் ஒருத்தருக்கொருத்தர் அண்ணன் தம்பி ஆனார்கள்.

திலகா போனை வைத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்கினாள். கையிலிருந்த நாற்று முடியை நட்டு முடித்தாள். அப்புறம்தான் கரையேறி அழுதாள்.

பெஞ்சமின் உத்திரமேரூரில் ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்து வேலை கற்றவன். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டினான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏஜெண்ட் வழியாக மெரோவாவுக்குப் போனான். மெரோவா கடலுக்கு நடுவில் கிடக்கிற தீவு. உலகத்தில் எல்லா ஊரையும் விட்டுப்போன வெள்ளைக்காரன் அதை மட்டும் விடவில்லை. இன்றைக்கும் எங்கோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு கவர்னரை அனுப்பி ஆண்டுகொண்டிருந்தான். அந்த ஆட்சியை எதிர்த்து அங்கே ரெண்டு பத்திரிகைகள் வந்தன. அதில் ஒன்றைத்தான் பெஞ்சமின் அச்சடித்தான். நடத்தியவள் மார்த்தா என்று அறுபது வயசு அம்மாள்.

மெஷினில் மை சீராகிற வரைக்கும் முதல் நூறு தாள் வீணாகத்தான் போகும். பெஞ்சமின் அந்த வீண் தாள்களை அறைக்கு எடுத்துப் போய்ப் படிப்பான். பன்னிரண்டாவது வரை படித்த இங்கிலீஷ், ஆறு வருஷத்தில் அந்தத் தாள்களாலேயே தேறியது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, "இந்த வாரம் எங்க பேப்பர்ல இன்னா வந்துச்சு தெரிமா?" என்று ஆரம்பித்துவிடுவான். மீன்பிடித் துறைமுகத்தையும் அதை ஒட்டின குடியிருப்பையும் கவர்னர் தன் நாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கப்போவதாக அரசாங்கக் கடிதம் ஒன்று அந்தப் பத்திரிகையில் வெளியானது. அதையும் அவன் சொன்னான். திலகா அப்போது புளி கரைத்துக்கொண்டே, "அந்த ஊரு மீன்காரங்கள பத்தி நாம பேசி இன்னா ஆவப்போவுது, எப்ப லீவு குடுப்பாங்க, அத கேளு" என்றிருந்தாள்.

அந்தக் கடிதம்தான் இப்போது வழக்காகியிருந்தது. கடிதம் பொய், பத்திரிகை ஆபீசிலேயே ஜோடித்தது என்றது அரசாங்கம். ராஜதுரோகம் என்று, அதை வெளியிட்ட ரெண்டு பத்திரிகைகள் மேலும் கேஸ் போட்டு, ஆசிரியர்களைப் பிடித்து, மெஷினுக்குப் பூட்டுப் போட்டது.

முதல் ஒரு மாசம் ஊர் அமர்க்களப்பட்டது. டெல்லி அந்த நாட்டுத் தூதரைக் கூப்பிட்டு, எங்கள் தொழிலாளியை விடு என்றது. எங்கள் கோர்ட் விஷயத்தில் தலையிடாதே என்றான் வெள்ளைக்காரன். இந்தப் பக்கம் ஒரு மீன்பிடி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பக்கம் புதுசாக வேலைக்குப் போக இருந்தவர்களின் விசாவை நிறுத்தி வைத்தார்கள். டிவிக்காரர்கள் சாலவாக்கத்தில் இறங்கி வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். பெஞ்சமினின் அம்மா சிட்டம்மாளை உட்காரவைத்து அழச் சொன்னார்கள். அவள் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தாள். கேமராவைப் பார்த்ததும் அழுகை நின்றுபோனது.

"நம்ம பெஞ்சமினுக்காவ ரெண்டு நாடு அடிச்சிக்குதுடா" என்று டீக்கடையில் பெருமையாகப் பேசினார்கள். காலனியிலிருந்து போன ஒருத்தன் பேர் டெல்லி வரைக்கும் அடிபடுவது அவர்களுக்குப் புதுசு.

பதினைந்து நாளில் பெஞ்சமினை ஜாமீனில் விட்டார்கள். பாஸ்போர்ட்டைத் தரவில்லை. ஒரு சர்ச் விடுதியில் தங்கிக்கொண்டு தினம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டான். மாசி போனது. டிவியில் வேறு விஷயம் வந்தது. பெஞ்சமின் பேரை ஊர் மெல்ல மறந்தது.

பங்குனி நடுவில், நெல் பால் பிடித்திருந்த சமயம், ஒரு வெள்ளைக் கார் தெருமுனையில் நின்றது. இறங்கியவர் மோகன்குமார். சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னார். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் விஷயத்தைப் பார்க்கிற சர்க்கார் அதிகாரி. கூட ஒரு டிரைவர் மட்டும். சிட்டம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வெயிலில் வந்தவர், கொடுத்த மோரை மறுக்காமல் குடித்தார். நல்ல மனுஷன்தான்.

"அம்மா, நல்ல சேதி. உங்க பையன் ஒரு வாரத்துல வந்துடலாம்" என்றார்.

சிட்டம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். திலகா சுவரோரம் நின்றபடி கேட்டாள்: "கேச விட்டுட்டாங்களா சார்?"

"விட்ட மாதிரிதான். அங்க கோர்ட்டுல அவர் ஒரு வாக்குமூலம் குடுக்கணும். அந்தக் கடிதத்தை ஆபீஸ்லயே டைப் பண்ணாங்க, நான் பாத்தேன்னு. அவர் மெஷின் ஓட்டற ஆள், அவருக்கு ஒண்ணும் ஆகாது. அன்னைக்கே பாஸ்போர்ட்டக் குடுத்துடுவாங்க."

"அவுரு பாத்தாராமா?"

மோகன்குமார் டம்ளரைக் கீழே வைத்தார். "அவர் வேற மாதிரி சொல்றார். கவர் வாசல்ல வந்துச்சு, கவர்மெண்ட் முத்திரையோட. வாட்ச்மேன் இல்ல, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி மார்த்தா அம்மாகிட்ட குடுத்தேன்னு."

"அப்ப அதான் நெசம்."

"இருக்கலாம். ஆனா சித்திரையில ரெண்டு நாட்டு மந்திரியும் சந்திக்கிறாங்க. அதுக்குள்ள இந்தப் பிரச்சன இல்லாம இருந்தா நல்லதுன்னு ரெண்டு பக்கமும் நெனைக்கிறாங்க. இனிமே நாங்க சத்தம் போட முடியாதும்மா. போட்ட வரைக்கும் போட்டாச்சு. நீங்க போன்ல சொன்னா கேப்பார்."

ஒரு தாளையும் நீட்டினார். தமிழில்தான் இருந்தது. என் கணவர் படிப்பறிவு இல்லாதவர், என்ன அச்சடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, கருணை காட்ட வேண்டும் என்று மனு. திலகா கீழே கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க சார்."

"இன்னாத்துக்குடி டைமு?" சிட்டம்மாள் எழுந்தேவிட்டாள். "சார், குடுங்க, நான் கைநாட்டு வக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை வரேன்" என்று மோகன்குமார் எழுந்தார். போகும்போது திலகாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "யோசிக்கிறது தப்பில்ல. ஆனா அந்தம்மா எப்படியும் உள்ளதான் போவாங்க. இவரும் சேர்ந்து போகணுமா, அதான் கேள்வி."

மறுநாள் காலையில் பெஞ்சமின் கூப்பிட்டான். திலகா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

"சாரு வந்தாரா?"

"வந்தாரு. நீ இன்னா சொல்ற?"

"எனக்கு ஒண்ணும் புரியல திலகா. போன வருசம் காமால வந்து படுத்துகினு கெடந்தப்ப அந்தம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போச்சு. அது மூஞ்சிய பாத்து எப்புடி சொல்றது? சொல்லலன்னா என்னையும் கேசுல சேப்பாங்களாம். பத்து வருசம்கூட போடலாம்னு வக்கீலு சொல்றாரு."

"பத்து வருசமா!"

"அவ்ளோ போட மாட்டாங்க. போடலாம்னு சொல்றாரு. நீ சொல்லு. நீ போட சொன்னா போட்டுட்டு வந்துடறேன். வேணாம்னா வேணாம்."

திலகாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "இன்னாய்யா பேசற நீ? அங்க இருக்கறது நீ. அந்தக் கவர வாங்கனது நீ. பேப்பர படிச்சிப் படிச்சி எனக்குக் கத சொன்னது நீ. இப்ப வந்து என் தலமேல வக்கிறியே. நாளைக்கு எது ஆனாலும் திலகா சொன்னான்னு சொல்லிக்கவா?"

"அப்புடி இல்லடி."

"பின்ன எப்புடி?"

"உள்ள போறது நானு. பேஜாரு படறது நீதான? ஒன்ன கேக்காம நான் எப்புடி முடிவு பண்றது?"

சாயந்திரம் பேசறேன் என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சிட்டம்மாள் வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே இருந்தாள். "எவளோ வேற ஊரு பொம்பளைக்காவ எம்புள்ள ஜெயிலுக்குப் போவணுமா? அவளுக்குன்னு நாடு கீது, வக்கீலு கீறான். எம்புள்ளைக்கு இன்னா கீது? அரிச்சந்திரன் பரம்பரையா நாம?" அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்து வழிந்தது. ரெண்டு பேரும் அதை இறக்கவில்லை.

மத்தியானம் வெயில் உக்கிரமாக இருந்தபோது திலகா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள். அங்கே சேட்டு வீடு. சேட்டு அவளுக்குச் சித்தப்பா முறை. அவள் அப்பா வேதகிரியின் பெரியப்பா மகன். அந்த வீட்டு வாசலை அவள் இருபத்திரண்டு வருஷமாக மிதித்ததில்லை.

அவளுக்குப் பத்து வயசாக இருந்தபோது, கூலி உயர்த்திக் கேட்ட தகராறு நடந்த மாசத்தில், ஒரு பண்ணைக்காரர் வீட்டு வைக்கோற்போர் எரிந்தது. கூலி கேட்டு முன்னால் நின்றவன் வேதகிரி. அவன் தீ வைத்ததைக் கண்ணால் பார்த்ததாகக் கோர்ட்டில் சாட்சி சொன்னது சேட்டு. அன்றைக்கு வேதகிரி மாகறல் கோயில் திருப்பணியில் கல் சுமந்துகொண்டிருந்தான். சேட்டுவுக்கும் அது தெரியும். மூணு வருஷம் தண்டனை.

சேட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அறுபத்தைந்து வயசு. திலகாவைப் பார்த்ததும் கையிலிருந்த கயிறு நழுவிக் கட்டில் தொய்ந்தது.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு." உட்கார் என்று சொல்லலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"கோர்ட்ல எங்கப்பாவ காட்டிக் குடுத்துட்டு வந்தியே, அன்னிக்கு ஒனக்கு எப்புடி இருந்துச்சு?"

சேட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். சண்டைக்கு வந்த முகமாக இல்லை. அதனாலேயே பயந்தான்.

"பெஞ்சமின் வெசயமா கேக்கறியா?"

"ஆமா. அவுர போய் சாட்சி சொல்ல சொல்றாங்க. பொய் சாட்சி. சொன்னா வுட்டுடுவாங்களாம்."

அவன் கயிற்றை மறுபடி எடுத்து இழுக்கப் பார்த்தான். முடியவில்லை. "இன்னா சொல்றது. ஆஸ்பத்திரில எம்மவளுக்கு மூள ஜொரம். பண்ணக்காரரு வண்டி குடுத்தாரு, டாக்டர்கிட்ட சொன்னாரு. அப்புறம் வந்து கேட்டாரு. சொன்னேன். சொல்லிட்டு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல பரோட்டா வாங்கி துன்னேன். வூட்டுக்கு வந்தேன், தூங்கிட்டேன். நெசமா சொல்றேன் திலகா, நல்லா தூங்கனேன். தூக்கம் வராதுன்னு எல்லாம் சொல்லுவாங்க. எனக்கு வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? மவ பொயச்சிகினா. இப்ப ரெண்டு புள்ள அவளுக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "போட சொல்லு. ஆம்பள வூட்ல இருக்கணும். ஊரு நாலு நாள் பேசும், அப்புறம் அவனவன் பொயப்ப பாத்துகினு பூடுவான். ஒங்கப்பன் மூணு வருசம்தான் உள்ள இருந்தான். வந்துட்டான் இல்ல?"

"வந்தாரு" என்றாள் திலகா. "வெளிக்குப் போறதுக்கு எங்கம்மாகிட்ட வந்து, போவட்டுமான்னு கேட்டுகினு நிப்பாரு. கை ரெண்டையும் இப்புடி முன்னால கட்டிகினு. அம்மா போன்னு சொன்னாத்தான் போவாரு. சோறு போட்டா, துன்னட்டுமான்னு கேப்பாரு. ஒரு வருசம் அப்புடித்தான் இருந்தாரு சித்தப்பா. நாங்க சிரிப்போம், நானும் எந்தம்பியும். சின்னப் பசங்கதான நாங்க. எங்கம்மா வெளக்குமாத்தால அடிச்சிது எங்கள."

வேப்பம்பூ சேட்டுவின் தோளில் உதிர்ந்து கிடந்தது.

"அது எனக்குத் தெரியாது" என்றான் கடைசியில்.

"எப்புடித் தெரியும்? யாரும் சொல்லிருக்க மாட்டாங்க."

"வேதகிரி தெருவுல என்ன பாத்தா தலய குனிஞ்சிகினு போவான். கோவம்னு நெனச்சிகினேன்."

திலகா எழுந்துகொண்டாள். கேட்க வேறு எதுவும் இல்லை. அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சேட்டு கட்டிலைத் தொடவில்லை.

சாயந்திரம் அவளே பெஞ்சமினைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை கிணற்றடிக்குப் போகவில்லை. சிட்டம்மாள் கேட்கும்படி வீட்டுக்குள் நின்றே பேசினாள்.

"போடாத."

சிட்டம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"கேக்குதா? சொல்லாதய்யா. கவர் வந்துச்சு, வாங்கினேன், குடுத்தேன்னு நெசத்த சொல்லு. மத்தத பாத்துக்கலாம்."

"யோசிச்சு சொல்றியா?"

"யோசிச்சிதான் சொல்றேன். நாளைக்கி அந்தம்மா ஜெயில்லேர்ந்து வந்து இன்னா ஆவும், எப்புடி இருக்கும், ஒனக்குத் தெரியப்போறதில்ல. நீ இங்க சோறு துன்னுகினு நல்லாத்தான் இருப்ப. அத நெனச்சாத்தான் எனக்கு பயமா கீது."

"அம்மா இன்னா சொல்லுது?"

திலகா திரும்பிப் பார்த்தாள். சிட்டம்மாள் சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அத்த ஒத்துக்கல" என்றாள் திலகா. "ஒத்துக்காது. நான் சொன்னேன்னே இருக்கட்டும்."

"இல்ல" என்றான் பெஞ்சமின். குரல் தெளிந்திருந்தது. "நீ சொல்லி இல்ல. காத்தாலயே எனக்குத் தெரியும். சொல்ல தெகிரியம் இல்ல, ஒன்ன முன்னால தள்ளிவுட்டேன். மன்னிச்சிக்க."

வெள்ளிக்கிழமை மோகன்குமார் வந்தபோது திலகா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "படிக்காதவருன்னு போட்டுருக்கு சார். அவுரு நல்லா படிப்பாரு" என்றாள். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சித்திரையில் மந்திரிகள் சந்தித்தார்கள். கைகுலுக்கின படம் பேப்பரில் வந்தது. மீன்பிடி ஒப்பந்தம் கையெழுத்தானது. பெஞ்சமினைப் பற்றிக் கேட்டதற்கு, நிலைமையைக் கவனித்து வருகிறோம் என்று ஒரு வரி.

வைகாசியில் கோர்ட்டில் பெஞ்சமினைக் கூண்டில் ஏற்றினார்கள். கவரைப் பற்றி உள்ளதைச் சொன்னான். என்ன அச்சடிக்கிறாய் என்று தெரியாமல்தானே மெஷினை ஓட்டினாய் என்று அரசாங்க வக்கீல் கேட்டார். படித்துவிட்டுத்தான் ஓட்டினேன் என்றான். கோர்ட்டுக்குள் போயிருந்த ஐசக் இதை போனில் சொல்லும்போது அழுதுவிட்டான். மறுவாரம் பெஞ்சமினையும் குற்றவாளியாகச் சேர்த்தார்கள்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் தீர்ப்பு. கடிதத்தை ஜோடித்ததாகச் சொன்னது நிற்கவில்லை. பத்து வருஷம் போயிருக்கவேண்டிய மார்த்தா அம்மாளுக்கு, அரசாங்கத்தின் மேல் வெறுப்பு மூட்டியதற்காக ஒரு வருஷம். கூட நின்று அச்சடித்ததற்காகப் பெஞ்சமினுக்கு எட்டு மாசம். பத்திரிகை ரெண்டும் நின்றுபோயின.

தெருவே சாவு வீட்டுக்கு வருவதுபோல வந்து உட்கார்ந்தது. சிட்டம்மாள் எல்லார் முன்னிலும் மருமகளை நோக்கிக் கைகாட்டினாள். "இவதான். இவ நாக்குதான். எம்புள்ளைய அனுப்பி வச்சவ இவதான்." அன்றிலிருந்து மாமியார் தனி அடுப்பு மூட்டினாள். ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு புகை எழுந்தது. திலகாவிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சொல்லுவாள்.

திலகா வேர்க்கடலைக்குக் களைவெட்டப் போனாள். ஆவணியில் நல்ல மழை. மண் இளகிக் களை தானாகக் கையோடு வந்தது. வளர்மதி ஒருநாள் கேட்டாள்: "ராத்திரில நெனச்சிப்பியா, சொல்லிருக்கக்கூடாதுன்னு?" திலகா களைக்கொத்தை நிறுத்தாமல், "தெனமும்" என்றாள்.

ஆவணி கடைசி ஞாயிறு சர்ச்சிலிருந்து சிட்டம்மாள் திரும்பிவந்த நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஜெயிலில் மாசத்துக்கு ஒருதரம் பத்து நிமிஷம் பேச விடுவார்களாம், இதுதான் முதல் தடவை. திலகா முதலில் போனை மாமியார் கையில் கொடுத்தாள். சிட்டம்மாள் அதைக் காதில் அழுத்திக்கொண்டு, "நைனா" என்றாள். அஞ்சு நிமிஷம் போல அழுதுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்புடி கீற?" என்றாள் திலகா.

"கீறேன். இங்க ஜெயில்ல புஸ்தகம் அடுக்கற வேல குடுத்துருக்காங்க. ஒனக்கு கோவமா?"

"கோவந்தான். ஒம்மேலயும் கோவம், எம்மேலயும் கோவம். வந்து சேரு, சண்ட போட்டுக்கலாம்."

அவன் சிரித்தான். சிரிப்புக்கு நடுவிலேயே யாரோ இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். நேரமாகிவிட்டது போலும். தொடர்பு அறுந்தது.

திலகா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சிட்டம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். ஆட்டுக்குட்டி பக்கத்திலேயே நின்றது. அதைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்தாள்.

"இன்னாடி சொன்னான்? துன்றானா?"

அதைத் திலகா பெஞ்சமினிடம் கேட்கவேயில்லை. "துன்றாராம் அத்தே" என்றாள். "கஞ்சிதான் போடறாங்களாம். உப்பு கம்மியாம்."

"உப்பில்லாம எப்புடி துன்னுவான்? சின்ன வயசுலேர்ந்தே துன்ன மாட்டானே அவன்." சிட்டம்மாள் அழ ஆரம்பித்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, படியில் இடம் விட்டாள். திலகா போய் உட்கார்ந்தாள்.